வரையாடு ஏறும் காவல்காரி: மினியேச்சரை மாற்றியமைக்க எதில் தொடங்குவது?

ஒரு மாலை அண்ணன் மகள் நோட்டில் ஒரு படம் வரைந்து கொண்டுவந்து காட்டினாள். குள்ளர் குலத்துப் பெண் ஒருத்தி. தோளில் கம்பளி, கையில் அரிவாள். அவள் ஏறியிருந்தது வரையாட்டின் மேல். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தகிரி வீட்டில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் கற்பனைக் கதை ஆட்டத்தில் அதுதான் அவளுடைய பாத்திரம். "சித்தப்பா, இதுக்கு மினி கிடைக்குமா?" என்று கேட்டாள். ஆட்ட மேசையில் வைக்கும் சின்ன மினியேச்சர் உருவத்தைத்தான் மினி என்கிறாள். இருவரும் உட்கார்ந்து தேடினோம். ஆட்டின் மேல் ஏறிய குள்ள வீரர்கள் கிடைத்தார்கள். வீரனுக்கும் தாடி, ஆட்டுக்கும் தாடி. பெண்ணும் இல்லை, வரையாடும் இல்லை.

"அப்போ நாமளே செஞ்சுடலாம்" என்றாள். அந்த ஒரு உருவத்தை நாங்கள் மூன்று வழிகளில் முயன்றோம். வேறு வேறு பெட்டிகளின் துண்டுகளை வெட்டி ஒட்டுவது முதல் வழி. இரண்டு பொருளைச் சேர்த்துப் பிசைந்தால் இறுகும் எபாக்ஸி புட்டியால் கையில் உருட்டிச் செய்வது இரண்டாவது. கணினியில் வடித்து, ஒளியில் இறுகும் ரெசின் என்ற திரவத்தில் அச்சடிப்பது மூன்றாவது. எதில் தொடங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டி ஒட்டுவதில் தொடங்குங்கள். முதல் உருவத்திலேயே ஏதோ ஓர் இடத்தில் புட்டி தேவைப்படும், அப்போது அதைப் பழகிக்கொள்ளலாம். அச்சு இயந்திரத்தை ஒரு வருடமாவது தள்ளிப்போடுங்கள். சமவெளியில் இருப்பவர் கேட்டால் கடைசி வரியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். மலையில் இருப்பவருக்கு மாற்ற மாட்டேன். காரணம் குளிரும் மூடுபனியும்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன், கையில் இருக்கும் உருவம் எந்தப் பொருளால் ஆனது என்று பார்க்க வேண்டும். தொடங்குபவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. வார்ஹாமர் என்ற போர் ஆட்டத்தின் பெட்டிகளிலும், பெர்ரி, வார்லார்ட் போன்ற இங்கிலாந்து நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டிகளிலும் வருவது பாலிஸ்டைரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். துண்டுகள் ஒரு சட்டத்தில் கோத்திருக்கும், நாமே வெட்டியெடுத்து ஒட்ட வேண்டும். இதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் சிமென்ட் வெறும் பசை அல்ல. இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக உருக்கிவிடும். காய்ந்த பிறகு அங்கே இணைப்பு என்று ஒன்று இருக்காது. பலகை ஆட்டங்களோடு ஒரே துண்டாக வரும் வளைகிற உருவங்கள் பெரும்பாலும் பிவிசி வகை. அவற்றில் அந்தச் சிமென்ட் பிடிக்காது, ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூதான் பிடிக்கும். ரெசின் நொறுங்கும், அதை அரத்தால் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும். வெள்ளீய உருவங்கள் அழகானவை. ஆனால் முதல் கன்வெர்ஷனுக்கு, அதாவது மாற்றியமைக்கும் வேலைக்கு, அவை வேண்டாம். வெட்டுவது கஷ்டம், கனம் அதிகமாக இருப்பதால் பசை மட்டும் தாங்காது.

எங்கள் முதல் முயற்சி. குள்ள வீரர்களின் பாலிஸ்டைரின் பெட்டி ஒன்று வாங்கினோம். ஏறுவதற்கு, பழைய பலகை ஆட்டம் ஒன்றில் கிடந்த ஐபெக்ஸ் என்ற காட்டு மலையாடு, பிவிசி. ஐபெக்ஸை வரையாடாக்குவது தலைமுழுக்க மாற்றுகிற வேலை என்று அவள் பயந்தாள். பெரும்பாலும் கழிக்கிற வேலைதான் அது. ஐபெக்ஸ் கடாவுக்குத் தாடி உண்டு, வரையாட்டுக்குக் கிடையாது. அதைப் பிளேடால் சீவியெடுத்தோம். ஐபெக்ஸின் கொம்பு நீளமாக, முன்பக்கம் முடிச்சு முடிச்சாக இருக்கும். வரையாட்டின் கொம்பு குட்டை, பின்னோக்கி வளைந்து போகும். கொம்பைப் பாதியாக நறுக்கி, முடிச்சுகளைச் சுரண்டி, கொதித்து இறக்கிய வெந்நீரில் தலையைச் சற்று நேரம் முக்கி, விரலால் பின்னோக்கி வளைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டோம். வளைவு அப்படியே நின்றுவிட்டது. பிவிசியின் இந்தக் குணம் தொடங்குபவருக்குப் பெரிய உதவி. கெட்டிப் பிளாஸ்டிக்கை இப்படி வளைக்கப் பார்த்தால் உடைந்துவிடும்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 28 மில்லிமீட்டர் உருவம் என்றால், நிற்கும் மனிதன் மேசையில் ஏறத்தாழ அந்த உயரம், உண்மை அளவில் ஏறத்தாழ 56-இல் ஒரு பங்கு. வளர்ந்த வரையாட்டுக் கடா தோள்வரை சுமார் ஒரு மீட்டர் உயரம், அதாவது மேசையில் 18 மில்லிமீட்டர். இதன் மேல் மனிதனை ஏற்றினால் கால் தரையில் இழுபடும். குள்ளர் குலத்துப் பெண் என்று அவள் முடிவு செய்திருந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

ஆடு ஒழுங்காக வந்தது. சிக்கல் தலையில்தான் வந்தது. குள்ளர் பெட்டியில் இருந்த தலைகள் எல்லாவற்றிலும் தாடி. வேறொரு பெட்டியிலிருந்து பெண் தலை ஒன்றை எடுத்து ஒட்டினோம். தள்ளி வைத்துப் பார்த்தால் அகன்ற தோளின் மேல் ஒரு நெல்லிக்காயை வைத்தது போல் இருந்தது. மினியேச்சர்களில் இரண்டு கணக்கு உண்டு. உண்மையான உடல் விகிதத்தில் வடிப்பவர்கள் ஒரு பக்கம், மேசையில் தூரத்திலிருந்து தெரியட்டும் என்று தலையையும் கையையும் பெரிதாக்குபவர்கள் இன்னொரு பக்கம். பெட்டியில் இரண்டுக்கும் 28 என்றே போட்டிருக்கும். ஆகவே வெட்டும் முன் இரண்டு துண்டுகளையும் புளூடேக் என்ற, பிய்த்தெடுக்கக்கூடிய ஒட்டுப்பசையால் தற்காலிகமாக ஒட்டி, கையெட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பொருந்தினால் வெட்டுங்கள். நாங்கள் வெட்டிய பிறகு பார்த்தோம்.

இந்த வழிக்குத் தேவையான கருவிகள் கொஞ்சம்தான். கூர்மையான கத்தி, எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சின்ன கட்டர், தங்க வேலை ஆசாரிகள் பயன்படுத்தும் மெல்லிய அரம், கையால் சுழற்றும் டிரில். டிரில் எதற்கென்றால், கழுத்து, மணிக்கட்டு போன்ற மெல்லிய இணைப்புகளில் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி வெட்டி உள்ளே செருகினால் துண்டு கீழே விழுந்தாலும் பிரியாது. கெட்டிப் பிளாஸ்டிக்கில் சிமென்ட் போட்டால் பெரும்பாலும் இது தேவையில்லை. பிவிசியில், ரெசினில், உலோகத்தில் தேவை. குதிரை ஏறும் நிலைக்கு வீரனின் தொடைகளை இடுப்பில் அறுத்து விரித்தபோது நாங்களும் கிளிப் கம்பியைத்தான் நம்பினோம்.

ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் புதிதாக்குவது நீலகிரிக்கு அந்நியமான காரியம் இல்லை. ஸ்னூக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி, 15 சிவப்புப் பந்து ஆடும் பிரமிட்ஸ் ஆட்டத்தோடு வண்ணப் பந்துகளைக் கலந்தார். அதற்கு விதிகள் எழுதி ஒழுங்காக்கியது ஊட்டி கிளப்பில். இதை அவளிடம் சொன்னபோது, தலை பொருந்தாத வருத்தம் கொஞ்சம் குறைந்தது.

சூப்பர் குளூ பற்றி மலைவாசிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது காய்வதே ஈரத்தால்தான். பரப்பின் மேல் படிந்திருக்கும் நுண்ணிய ஈரப்பதம் பட்டதும் இறுகும். கோவையில் பத்து வினாடி பிடிக்க வேண்டிய இடத்தில் இங்கே ஜூலை மூடுபனியில் மூன்று வினாடி போதும். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதன் ஆவி அதே ஈரத்தோடு சேர்ந்து சுற்றிலும் வெள்ளைப் பொடியாகப் படியும். எங்கள் காவல்காரியின் கழுத்தைச் சுற்றி ஒரு நாள் மாலை வெண்சாம்பல் பூசியது போலாகிவிட்டது. பெயின்ட் அடித்ததும் மறைந்துவிடும், பயப்பட வேண்டாம். துளியை ஊசி முனையால் தொட்டு வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகும். திறந்த குப்பியும் இங்கே சீக்கிரம் கல்லாகிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் சிமென்டுக்கு ஈரம் பொருட்டில்லை. குளிரில் சற்று மெதுவாகக் காயும், அவ்வளவுதான். கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பொருந்தாத தலை. அதைப் பெரிதாக்க ஒரு முக்காடும் தடித்த பின்னலும் போதும் என்று தோன்றியது. இங்கேதான் புட்டி உள்ளே வந்தது.

தேர்வு மூன்று. மினியேச்சர் வடிப்பவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துவது கிரீன் ஸ்டஃப். நீலம், மஞ்சள் இரண்டு பட்டைகளைச் சம அளவு பிசைந்தால் பச்சையாகும். இறுகிய பிறகும் லேசாக வளையும், நூலிழை மாதிரி நுணுக்கத்தைத் தாங்கும், ஆனால் உப்புத்தாளில் தேய்த்தால் பிசிறடிக்கும். வேல்ஸில் தயாராகும் மில்லிபுட் கல் போல் இறுகும், ஈரமாக இருக்கும்போது தண்ணீரால் வழவழப்பாக்கலாம், காய்ந்த பின் நன்றாகத் தேய்க்கலாம். மூன்றாவது நம் ஹார்டுவேர் கடையில் குழாய் ஒழுகலுக்கு வாங்கும் எம்-சீல். முதல் இரண்டையும் இணையத்தில் வரவழைக்க வேண்டும். எம்-சீல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும், விலையும் சொற்பம். அதன் துகள் சற்றுப் பெரிது, கண் இமை, சங்கிலிக் கவசம் போன்றவை அதில் வராது. இடைவெளி அடைப்பது, பாறை, தசை, கொம்பு, தடித்த துணி இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். ஒரு பாக்கெட் முழுக்க வீணானாலும் மனம் நோகாது. கை பழகும் வரை அது முக்கியமான விஷயம். ஆகவே எம்-சீலில் பழகி, முகம், முடி என்று வரும்போது கிரீன் ஸ்டஃப் வாங்குங்கள்.

எதை எடுத்தாலும் நைட்ரைல் கையுறை வேண்டும். இறுகாத எபாக்ஸி சிலருக்குத் தோல் அலர்ஜி தரும், வந்தால் பிறகு வந்துகொண்டே இருக்கும். கிரீன் ஸ்டஃப் பட்டையில் நீலமும் மஞ்சளும் ஒட்டியிருக்கும் நடுக்கோட்டை ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி எறிந்துவிடுங்கள். அங்கே ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருக்கும், பிசைந்தால் குருணை குருணையாக நிற்கும்.

குளிர் இங்கே வேறு விதமாக விளையாடும். எபாக்ஸி இறுகுவது ஒரு வேதிவினை. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். சமவெளியில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம் வேலை செய்ய விடும் கிரீன் ஸ்டஃப், நம் வீட்டில் 18 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். தொடங்குபவருக்கு இது வரம் என்றே நினைக்கிறேன். தப்பாகப் போன மடிப்பை அழித்து மறுபடி செய்ய நேரம் இருக்கிறது. அவசரம் என்றால் டேபிள் விளக்கின் மஞ்சள் குண்டு பல்பின் அடியில் வைத்தால் போதும்.

எங்கள் முதல் கம்பளி சரியாக வரவில்லை. பிசைந்து, தட்டி, தோளில் போர்த்தினோம். தடிமன் ஒரு மில்லிமீட்டர். கையில் தொட்டால் மெல்லியது. 56 மடங்கு பெருக்கிப் பாருங்கள், ஐந்தரை சென்டிமீட்டர். அவள் தோளில் கிடந்தது இலவம்பஞ்சு மெத்தை. இரண்டாம் முறை பிளாஸ்டிக் தாளில் தண்ணீர் தடவி, பேனாவை உருளையாக்கி, வெளிச்சம் கசியும் வரை தேய்த்தோம். உடனே எடுத்தால் கிழியும். முக்கால் மணி நேரம் அப்படியே விட்டால் தோல் போல ஒரு பதம் வரும். அப்போது வெட்டி, தோளில் போட்டு, ஈரமான பல்குச்சியால் மடிப்பை அழுத்தினோம். விளிம்பு மட்டும் மெல்லியதாகத் தெரிந்தால் போதும், உள்ளே எவ்வளவு தடிமன் என்று கண் கேட்பதில்லை. பின்னலுக்கு இரண்டு மெல்லிய திரியை உருட்டி முறுக்கினோம். ஆட்டின் கழுத்து மயிரைக் கீழ்வரிசையிலிருந்து மேலே கீறிக்கொண்டு போனோம். மேல் வரிசை கீழ் வரிசையின் வேரை மூட வேண்டும், கூரைக்கு ஓடு போடுவது போல.

கம்பளியில் தோடர் பெண்களின் சிவப்பு கறுப்புப் பூவேலையைத் தீட்டலாமா என்று அவள் கேட்டாள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் போர்வை அவர்களுடைய வாழ்விலும் சாவிலும் கூட வருவது. கற்பனைக் குள்ளருக்கு அதை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. பழுப்பு நிறத்தில் வெறும் கம்பளியாகவே விட்டோம்.

புட்டியின் குறை நேரம். வெட்டி ஒட்டிய ஆடு ஒரே மாலையில் முடிந்தது. முக்காடு, பின்னல், கம்பளி, கழுத்து மயிர் ஒவ்வொன்றும் தனித்தனி நாள். ஒன்று இறுகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் செய்யும்போது அந்தப் பக்கத்தில் விரல் ரேகை பதியும். பொறுமை இல்லாதவருக்கு இது பிடிக்காது. அவளுக்குப் பிடித்துவிட்டது.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். குன்னூரில் நண்பர் ஒருவரிடம் ரெசின் அச்சு இயந்திரம் இருக்கிறது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் வரையாட்டை வடித்து அங்கே கொண்டுபோனோம். இதன் பலம் மறுக்க முடியாதது. ஒவ்வோர் அடுக்கும் 0.05 மில்லிமீட்டர், கோடே தெரியாது. கொம்பு சிறிதாகத் தெரிந்தால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஒன்று வேண்டுமா, பத்து வேண்டுமா, உழைப்பு ஒன்றுதான். ஒரே மாதிரி படை முழுக்கத் தேவைப்படுபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் ரெசினுக்கு வெதுவெதுப்பு வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே போனால் குழம்பு போல் தடித்து, அடுக்குகள் சரியாக ஒட்டாது. அதன் ஆவியோ மூச்சுக்கு ஆகாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் நெடி. சமவெளியில் இந்த இக்கட்டு இல்லை. ஹீட்டர் வைத்த பெட்டிக்குள் இயந்திரத்தை வைத்து, குழாய் வழியாக ஆவியை வெளியே தள்ளும் ஏற்பாடு நண்பரிடம் இருக்கிறது. அதை அமைக்க அவருக்கு நாளாயிற்று. அப்புறம் மின்சாரம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், ஐந்து மணி நேர அச்சு நான்காவது மணியில் நின்றுவிடும். எங்களுக்கு அப்படி ஒரு முறை ஆயிற்று, தலையில்லாத வரையாடு ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது.

கழுவுவது அடுத்த கவலை. அச்சானதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, புற ஊதா ஒளியில் இறுக்க வேண்டும். அலசிய அழுக்கு நீரைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. இறுகாத ரெசின் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. நம் வீட்டுச் சாக்கடை போய்ச் சேர்வது ஓர் ஓடையில், அந்த ஓடைக்குக் கீழே இன்னோர் ஊர் இருக்கிறது. வெயிலில் வைத்து ரெசினை இறுகச் செய்து, வடிகட்டி, திடக் கழிவாக அகற்ற வேண்டும். இதையெல்லாம் முறையாகச் செய்ய இடமும் மனமும் உள்ளவர் வாங்கட்டும். மற்றவர்கள் கணினிக் கோப்பை மட்டும் நகரத்தில் அச்சடித்துத் தருபவரிடம் அனுப்பி, கூரியரில் வாங்கிக்கொள்ளலாம். தலை, ஆயுதம் போன்ற சின்னத் துண்டுகளை இப்படி வரவழைத்து, கெட்டிப் பிளாஸ்டிக் உடலில் பொருத்துவது எனக்குப் பிடித்த கலப்பு வழி. ஏற்கெனவே கணினியில் வடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் என் பதில் வேறு. அவர் இந்த வழியிலேயே தொடங்கலாம், இயந்திரத்தை வாங்காமல்.

எந்த வழியில் செய்தாலும், பெயின்ட் பிடிக்க முதலில் பூசும் பிரைமர் அடிக்கும் இடத்தில் எல்லாரும் ஒன்றாகிவிடுவோம். ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் பரப்பு சொரசொரவென்று ஆகும், மேட் வார்னிஷ் வெளுத்துப்போகும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஜூனிலிருந்து. அந்த மாதங்களில் ஸ்பிரே கேனைத் தொடாதீர்கள். தூரிகையால் பூசும் பிரைமர் வாங்குங்கள், ஆண்டு முழுக்க வேலை நடக்கும்.

பீடத்துக்கு மட்டும் மலை நமக்கு அள்ளித் தருகிறது. வடிகட்டிய டீத்தூளை வெயிலில் காயவைத்து, வாணலியில் லேசாக வறுத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகால் மேல் தூவினால் அச்சு அசல் காட்டுச் சருகு. பைன் மரப்பட்டையைப் பிய்த்து அடுக்கினால் அவலாஞ்சிப் பக்கத்துப் பாறை. கவாத்து செய்த தேயிலைக் குச்சியை நிமிர்த்தி வைத்தால் முறுக்கேறிய கிழட்டு மரம். பாசியை மட்டும் அப்படியே வைக்காதீர்கள், நம் ஈரத்தில் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். வறுக்காத டீத்தூளும் அப்படித்தான்.

பெயின்ட் அடிக்கும்போது ஒன்று கவனித்தோம். முதிர்ந்த வரையாட்டுக் கடாவுக்கு உடல் கரும்பழுப்பு, முதுகின் பின்பகுதியில் வெள்ளி நரை போல் ஒரு திட்டு இருக்கும். சேணம் வைத்தால் அந்தத் திட்டு மறைந்துவிடும். அதனால் சேணத்தைச் சீவியெடுத்து, காவல்காரியைத் தோள்பக்கமாக நகர்த்தி, வெறும் முதுகில் உட்காரவைத்தோம். தூரிகையில் பெயின்டைத் துடைத்துவிட்டு உலர்ந்த நுனியால் வருடியதும் நரை தெளிவாக எழுந்தது.

இப்போது அவளுக்குக் கூடவே ஓடும் குட்டி ஒன்று வேண்டுமாம். கணக்குப் போட்டிருக்கிறாள், 8 மில்லிமீட்டர் உயரம். வெட்ட வேறு எந்த உருவமும் வேண்டாம், கம்பியில் எலும்புக்கூடு முறுக்கி முழுக்கப் புட்டியிலேயே செய்கிறேன் என்கிறாள். கம்பி முறுக்கியாயிற்று. கால் நான்கும் சம உயரத்தில் நிற்கின்றன.